இளைஞர் கல்விப் பண்ணையில் ஒரு பருவப் பயிற்சி

நெய்பவரும் உழுபவரும் ஒன்றுகூடும் எந்தச் சங்கத்தின் மகாசபையிலும் ஒரு கேள்வி எழாமலிராது: நமக்குப் பின் இத்தொழிலை ஏற்று நடத்தப் போகிறவர் யார்? நூல் விலை, கடன் வசதி, விற்பனை நிலையம் ஆகியவற்றைப் பற்றி மகாசபை தீர்மானம் நிறைவேற்றலாம். ஒரு வாலிபனுடைய கையில் தொழிலைக் கொண்டுவந்து சேர்க்கத் தீர்மானம் உதவாது. அது பழக்கத்தால் வருவது. பழக்கத்திற்கு இடமும் காலமும் வேண்டும். அருகிலிருந்து கற்றுக்கொடுப்பவரும் வேண்டும்.

இதே கேள்வி பிற நாடுகளிலும் எழுந்துள்ளது. உழுது பயிரிடும் குடும்பங்கள் மிகக் குறைந்துபோன அமெரிக்க ஐக்கிய நாடுகளில், இளைஞர்களை மண்ணோடு மீண்டும் பழக்குவதற்கென்றே பண்ணைகள் சில நடத்தப்படுகின்றன. அவற்றைக் கல்விப் பண்ணைகள் என்பர். அத்தகைய பண்ணையில் ஒரு பருவகாலம் முழுவதும் தங்கி உழைத்துப் பயிலும் பயிற்சியாளருடைய வேலை எத்தகையது, அதில் அவர் பெறும் பயன் யாது, அவர் ஏமாறக்கூடிய இடம் எது என்பவற்றை நம் அங்கத்தினர்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கல்விப் பண்ணை என்பது யாது?

ஆராய்ச்சிப் பண்ணையில் நிபுணர் சோதனை நடத்துவார். மற்றவர் முடிவைக் கேட்டறிவர். மாதிரிப் பண்ணையில் நல்ல விளைச்சலைக் காட்டுவர். வந்தவர் வேலியோரம் நின்று பார்ப்பர். கல்விப் பண்ணையிலோ வந்தவரே வேலை செய்வார். அவர் நட்ட நாற்று விளைந்தால் விளைச்சல். அவர் மிதித்துவிட்டால் நஷ்டம். விளையும் பொருள் உண்மையாகவே விற்பனைக்கும் உணவுக்கும் போகிறது. விளையாட்டுக்காக நடப்பட்ட செடியை இளைஞர் வெகு சீக்கிரத்தில் கண்டுகொள்வர். ‘இதை யாரும் உண்ணப் போவதில்லை’ என்று தெரிந்த அன்றே அவர்களுடைய கை தளர்ந்துவிடும்.

இதற்கு நல்லதோர் உதாரணம், மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள ‘தி ஃபுட் புராஜெக்ட்’ என்னும் ஸ்தாபனம். 1991-ஆம் ஆண்டில் வார்டு செய்னி என்னும் விவசாயி இதனை லிங்கன் என்ற ஊரில் தொடங்கினார். பாஸ்டன் மாநகரத்திற்குச் சுமார் 15 மைல் தொலைவில் உள்ள வசதி மிக்க ஊர் அது. நகரத்தின் ஏழைப் பகுதிகளிலிருந்தும் சுற்றியுள்ள செல்வ ஊர்களிலிருந்தும் பதின்ம வயதுப் பிள்ளைகளைச் சேர்த்து, கோடை விடுமுறையில் ஒரே பாத்தியில் வேலை செய்ய வைப்பது அவருடைய எண்ணம். பிள்ளைகள் குழுக்களாகப் பிரிக்கப்படுகின்றனர். ஒவ்வொரு குழுவுக்கும் அவர்களைவிடச் சில ஆண்டுகளே மூத்த தலைவர் ஒருவர் உண்டு. உழைப்புக்கு உதவித்தொகை கொடுக்கப்படுகிறது. விளைந்த காய்கறிகளில் ஒரு பகுதி பசித்தோர்க்கு உணவளிக்கும் இல்லங்களுக்குச் செல்கிறது. மற்றது சந்தைக்கும் பங்குதாரர்களுக்கும் செல்கிறது.

பயிரின் காலமும் பிள்ளைகளின் காலமும்

இத்தகைய பண்ணையில் பருவகாலப் பயிற்சியாளர் ஏன் வேண்டும் என்பதை அறிய, அந்நாட்டின் பருவத்தை அறிதல் வேண்டும். மாசசூசெட்ஸில் குளிர்காலத்தில் நிலம் உறைந்து கிடக்கும். மே மாத நடுப்பகுதி வரையில் உறைபனிக்கு அஞ்சவேண்டும். அக்டோபரில் அது மீண்டும் வந்துவிடும். ஆகவே மார்ச் மாதத்திலேயே கண்ணாடிக் கூடத்திற்குள் தட்டுகளில் விதைப்பு தொடங்குகிறது. மார்ச் இறுதியில் விதைத்த தக்காளி நாற்று மே மாதக் கடைசியில்தான் வயலுக்கு வரும். பட்டாணி ஏப்ரலிலும், உருளைக்கிழங்கு ஏப்ரல் இறுதியிலும் நிலத்தில் இடப்படும். பூசணி செப்டம்பரில் முற்றும். அறுவடை முடிந்த பாத்திகளில் குளிர் தாங்கும் ரை என்னும் தானியத்தை விதைத்து, மண் அரிக்கப்படாமல் மூடிவைப்பர்.

பள்ளிப் பிள்ளைகளோ ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் ஆறு வாரங்களுக்குச் சற்று அதிகமாக மட்டுமே பண்ணையில் இருப்பர். பயிரின் காலம் எட்டு மாதம்; பிள்ளைகளின் காலம் ஒன்றரை மாதம். அவர்கள் வருமுன் நாற்று தயாராக இருக்கவேண்டும். அவர்கள் போனபின் மிஞ்சிய அறுவடை முடியவேண்டும். இவ்விரண்டுக்கும் இடையே பாலமாக நிற்பவர் பருவகாலப் பயிற்சியாளர். அவர் பெரும்பாலும் கல்லூரிப் படிப்பை முடித்தவராகவோ, நகரத்து உத்தியோகத்தை விட்டுப் பயிர்த்தொழிலை நாடி வந்தவராகவோ இருப்பார். மார்ச்சிலோ ஏப்ரலிலோ வந்து நவம்பர் வரையில் தங்குவார்.

வெள்ளைப்பூண்டுப் பயிரைக் கொண்டு இதனை எளிதில் விளங்கிக்கொள்ளலாம். அங்கே பூண்டு அக்டோபரில் ஊன்றப்படுகிறது. பனிக்கடியில் குளிர்காலத்தைக் கழித்து, மறு ஆண்டு ஜூலையில் அறுவடைக்கு வருகிறது. பருவத்தின் கடைசி வாரங்களில் பல்லைப் பிரித்து, நுனி மேல்நோக்கி நிற்குமாறு ஒவ்வொன்றாக ஊன்றிவிட்டுப் பயிற்சியாளர் விடைபெறுகிறார். ஜூலையில் அதைப் பிடுங்கும் பிள்ளைகளை அவர் காணமாட்டார். தாம் பயிலத் தொடங்கிய ஜூலையில் அவர் பிடுங்கியது, முந்திய ஆண்டுப் பயிற்சியாளர் ஊன்றிய பூண்டாகும்.

இரு தொழில்கள்

பயிற்சியாளர் ஒரே சமயத்தில் இரண்டு தொழில்களைக் கற்கிறார். ஒன்று பயிரிடுவது; மற்றொன்று பயிரிடக் கற்றுக்கொடுப்பது. இவ்விரண்டும் ஒன்றையொன்று தடுக்கும் என்பதைச் சேர்ந்த சில வாரங்களிலேயே அவர் உணர்வார். பழகிய ஒருவர் காலைக்குள் களையெடுத்து முடிக்கும் பாத்தியைப் பழகாத பத்துப் பிள்ளைகள் பகல் முழுவதும் எடுப்பர். அவற்றுள் நல்ல செடிகள் சிலவும் போய்விடும். பயிர் பிழைக்கவேண்டுமென்று தாமே எல்லாவற்றையும் செய்துவிட்டால் பிள்ளைகள் கற்பதற்கு ஒன்றுமில்லை. பிள்ளைகள் கற்கட்டும் என்று வாளாவிருந்தால், வார இறுதியில் பங்குதாரருக்குக் கொடுப்பதற்குக் காய்கறி இல்லை.

இச்சிக்கலைத் திட்டத்தால் தீர்க்கவேண்டும். எந்த வேலை பல கைகளைத் தாங்கும், எது தாங்காது என்று பயிற்சியாளர் முன்கூட்டியே பிரித்துக்கொள்கிறார். உருளைக்கிழங்கைத் தோண்டியெடுப்பதும், பூண்டைப் பிடுங்கிக் கட்டுவதும், தக்காளி பறிப்பதும் பழகாத கைகளுக்கு ஏற்றவை. நெருங்கி முளைத்த இளஞ்செடிகளைக் கலைத்துவிடுவது அவ்வாறன்று. அதை ஒவ்வொருவராக அருகில் அமர்த்திக் கற்பிக்கவேண்டும்.

காரட் பாத்தி இதற்கு நல்ல பாடம். காரட் விதை முளைக்க இரண்டு மூன்று வாரங்கள்கூட ஆகும். அதற்குள் களை முந்திக்கொள்ளும். எது களை, எது பயிர் என்று பிள்ளைகளால் பிரித்தறிய முடியாது. ஆகவே காரட் விதையோடு சிறிது முள்ளங்கி விதையைக் கலந்து விதைப்பது பழைய தோட்டக்காரர்களின் வழக்கம். முள்ளங்கி ஒரு வாரத்திற்குள் முளைத்து வரிசையைக் காட்டிவிடும். ஏறத்தாழ ஒரு மாதத்தில் அதைப் பிடுங்கித் தின்னலாம். அதன்பின் காரட்டுக்கு இடம் கிடைக்கும். களையெடுக்கும் பிள்ளை, தான் காத்த வரிசையிலிருந்தே ஒரு முள்ளங்கியை எடுத்து உண்ணும்போது, பாதி பாடம் சொல்லாமலே நடந்துவிடுகிறது.

இளைஞர் செய்யக்கூடாத வேலைகளும் உண்டு. கூலி பெற்றுப் பண்ணை வேலை செய்யும் 16 வயதிற்குட்பட்டவர், தகுந்த பயிற்சிச் சான்று பெற்றாலன்றி, இயந்திர இணைப்புத் திறன் 20 குதிரைச் சக்திக்கு மேற்பட்ட டிராக்டரை ஓட்டுவதை அந்நாட்டு மத்தியச் சட்டம் தடுக்கிறது. பூச்சிமருந்தைக் கலப்பதற்கும் தெளிப்பதற்கும் 18 வயது நிரம்பியிருக்கவேண்டும் என்பது 2015-இல் திருத்தப்பட்ட விதி. இவற்றை அறிந்திருப்பதும் பயிற்சியாளரின் கடமையாகும்.

நகரத்து மண்

இந்த ஸ்தாபனத்தின் பண்ணைகள் கிராமப்புறத்தோடு நின்றுவிடவில்லை. பாஸ்டன் நகரத்தில் டட்லி வீதியைச் சுற்றிய பகுதியில், வீடுகள் எரிந்தும் இடிந்தும் போய், மனைகள் ஏராளமாகக் காலியாகக் கிடந்தன. வெளியார் அவற்றில் குப்பையைக் கொட்டினர். அப்பகுதி மக்கள் 1984-இல் தங்களுக்கென ஓர் அமைப்பை நிறுவினர். 1988-இல் அவ்வமைப்பு, காலி மனைகளைக் கட்டாயமாகக் கையகப்படுத்தும் அதிகாரத்தை நகர நிர்வாகத்தினிடமிருந்து பெற்றது. குடிமக்களே கூடி அமைத்த சங்கம் ஒன்று அத்தகைய அதிகாரத்தைப் பெற்றது மிகவும் அபூர்வமான செய்தியாகும். அப்பகுதி மனைகள் சிலவற்றில் இளைஞர்கள் காய்கறி விளைவிக்கத் தொடங்கினர்.

ஆனால் அந்த மண்ணில் ஈயம் கலந்திருந்தது. பழைய வீடுகளுக்குப் பூசப்பட்ட ஈயச் சாயமும், மோட்டார் வண்டிகளின் பெட்ரோலில் முன்னாளில் கலக்கப்பட்ட ஈயமும் இதற்குக் காரணங்கள். வீட்டுச் சாயத்தில் ஈயம் 1978-இல் தடுக்கப்பட்டது. சாலை வண்டிகளுக்கான ஈயப் பெட்ரோல் 1996-இல் அறவே நின்றது. எனினும், மண்ணில் படிந்த ஈயம் தானாக மறைவதில்லை. அது குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் நஞ்சு.

ஆகவே நகரப் பண்ணையில் முதல் வேலை விதைப்பு அன்று. மண்ணைப் பரிசோதனைக்கு அனுப்புவதாகும். அதன்பின் தூய மண்ணையும் கம்போஸ்ட் எருவையும் கொண்டுவந்து கொட்டி, மேட்டுப் பாத்திகள் அமைக்கின்றனர். மண்ணின் புளிப்பை நீக்கினால் செடி ஈயத்தை உறிஞ்சுவது குறையும். மண் ஒட்டிக்கொள்ளும் கீரையையும் கிழங்கையும் நன்றாகக் கழுவவேண்டும். வேலை முடிந்ததும் கைகளையும் கழுவவேண்டும். பிறருடைய பிள்ளைகளை மண்ணில் இறக்கும் பயிற்சியாளர், அம்மண்ணின் பரிசோதனைக் குறிப்பைத் தாமே வாசித்துப் பொருள் கொள்ளத் தெரிந்திருக்கவேண்டும்.

ஒழுங்கும் கணக்கும்

பண்ணையில் கற்பிக்கப்படுவது பயிர் மட்டுமன்று. தி ஃபுட் புராஜெக்டில் சேரும் ஒவ்வொரு பிள்ளையும் வேலை ஒப்பந்தம் ஒன்றை ஏற்கவேண்டும். நேரத்திற்கு வருதல், தக்க உடை, பிறரை இழிவாகப் பேசாமை முதலியவை அதில் அடங்கும். தவறினால் உதவித்தொகையில் ஒரு பகுதி குறையும். பின்னர் ஒழுங்காக நடந்துகொண்டால், குறைந்த தொகையை மீண்டும் சம்பாதித்துக்கொள்ளலாம். இரண்டாவது பகுதி மிகவும் முக்கியமானது. அபராதம் மட்டும் இருந்தால் அச்சம் வளரும். மீளும் வழியும் இருந்தால் பொறுப்பு வளரும்.

அங்கு வழக்கத்தில் உள்ள மற்றொரு முறையும் நம் கவனத்திற்குரியது. குழுவினர் குறிப்பிட்ட இடைவெளிகளில் வட்டமாக அமர்ந்து, ஒவ்வொருவரைப் பற்றியும் நேருக்கு நேர் பேசுகின்றனர். முதலில் அவர் நன்றாகச் செய்தவை. பின்னர் அவர் திருத்திக்கொள்ள வேண்டியவை. கேட்பவர் எதிர்வாதம் செய்யாமல் கேட்டுக்கொள்வது முறை. குறையை முதுகுக்குப் பின்னால் பேசாமல் முகத்துக்கு நேரே, அன்போடு சொல்லும் பழக்கம் எந்தச் சங்கத்தின் நிர்வாகக் குழுவுக்கும் பயன்படக்கூடியதன்றோ?

கணக்கும் கற்பிக்கப்படுகிறது. ‘சமூக ஆதரவு வேளாண்மை’ என்னும் முறை அமெரிக்காவில் 1986-இல் இரண்டு பண்ணைகளில் தொடங்கிற்று. ஒன்று மாசசூசெட்ஸில் ராபின் வான் என் என்ற அம்மையாரின் இந்தியன் லைன் பண்ணை; மற்றொன்று அண்டை மாநிலமான நியூ ஹாம்ப்ஷயரில் உள்ள டெம்பிள்-வில்டன் சமூகப் பண்ணை. இம்முறையில், உண்பவர் பருவத் தொடக்கத்திலேயே பங்குத் தொகையைச் செலுத்திவிடுகிறார். அது விதைக்கும் எருவுக்கும் முதலாகிறது. பின்னர் வாரந்தோறும் விளைச்சலில் தமக்குரிய பங்கைப் பெற்றுக்கொள்கிறார். விளைவு கூடினால் பங்கு கூடும், குறைந்தால் குறையும். கடனின்றிப் பருவத்தைத் தொடங்கவும், நஷ்டத்தைப் பலர் தாங்கிக்கொள்ளவும் இது வழி செய்கிறது. கூட்டுறவில் பழகிய நம் அங்கத்தினர்களுக்கு இதன் அடிப்படை புதிதன்று. இவ்வாறு பங்குகளை விற்கும் பண்ணையில், வாரந்தோறும் எத்தனைக் கட்டுக் கீரை, எத்தனைப் பவுண்டு தக்காளி தேவை என்று பின்னோக்கிக் கணக்கிட்டு, விதைக்கும் தேதியைக் குறிப்பது பயிற்சியாளர் கற்கவேண்டிய வேலைகளுள் தலையாயது.

பயிற்சியா, மலிவான கூலியா?

இனி, இம்முறையின் இடர்ப்பாட்டையும் கூறாமல் விடலாகாது. ‘பயிற்சி’ என்ற பெயரால் மலிவாக வேலை வாங்கும் பழக்கம் எந்நாட்டிலும் உண்டு. நெசவில் இதனை நாம் நன்கறிவோம். தார் சுற்ற வந்த சிறுவன் ஆண்டுக்கணக்கில் தார் மட்டுமே சுற்றிக்கொண்டிருந்தால், அவன் நெசவு பயில்கிறான் என்று சொல்ல இயலாது. பாவு ஓடுவதையும், அச்சுப் பிணைப்பதையும், கடைசியில் துணியை அளந்து விலை போடுவதையும் அவன் படிப்படியாகக் கண்டு செய்யவேண்டும். அவ்வாறே, எட்டு மாதமும் களையெடுத்துக் கூடை சுமந்து திரும்பும் வாலிபர் பண்ணைத் தொழிலைக் கற்றவராகார்.

அமெரிக்காவில் குறைந்தபட்சக் கூலியை வகுத்தது 1938-ஆம் ஆண்டின் நியாயத் தொழில் தரச் சட்டம். ஆனால் சிறு பண்ணைகளுக்கு அதில் விலக்கு உண்டு. முந்திய ஆண்டின் எந்தக் காலாண்டிலும் 500 ஆள்-நாட்களுக்கு மேல் கூலி வேலை வாங்காத பண்ணை, மத்தியச் சட்டத்தின் குறைந்தபட்சக் கூலி விதிக்குக் கட்டுப்பட்டதன்று. ஒரு நாளில் ஒரு மணி நேரமாவது ஒருவர் வேலை செய்தால் அஃது ஓர் ஆள்-நாளாகக் கணக்கிடப்படும். 500 ஆள்-நாள் என்பது ஒரு காலாண்டு முழுவதும் ஏறத்தாழ ஏழு பேர் செய்யும் வேலை. இவ்விலக்கின் நிழலில் பயிற்சியாளருக்கு அற்பத் தொகை கொடுக்க இடமுண்டு.

இலாப நோக்குடைய நிறுவனங்களில் ஊதியமின்றிப் பயிற்சி பெறுவோரைப் பற்றி 2015-இல் ஒரு மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றம் முக்கியமான அளவுகோல் ஒன்றை வகுத்தது. 2018-இல் தொழில் இலாகாவும் அதனை ஏற்றது. ‘இந்த ஏற்பாட்டால் பெரும்பயன் அடைபவர் யார், பயில்பவரா, வேலை வாங்குபவரா?’ என்பதே அந்த அளவுகோலின் சாரம். சட்டம் எந்தெந்த நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும் என்பது ஒருபுறமிருக்க, இக்கேள்வியை ஒவ்வொரு பயிற்சியாளரும் தமக்குத் தாமே கேட்டுக்கொள்ளலாம். பண்ணையை நடத்துபவரும் கேட்டுக்கொள்ளவேண்டும்.

சேருமுன் கேட்க வேண்டியவை

பருவகாலப் பயிற்சிக்குச் செல்லும் எந்த வாலிபரும், தம் பிள்ளையை அனுப்பும் எந்தப் பெற்றோரும் பின்வருவனவற்றை முன்கூட்டியே எழுத்து மூலம் தெரிந்துகொள்ளுதல் நலம்.

முதலாவது, பயிற்சி விதைப்பிலிருந்து விற்பனைக் கணக்கு வரையில் முழுப் பருவத்தையும் உள்ளடக்கியதா என்பது. இரண்டாவது, கற்பிப்பவர் யார், வாரத்தில் எத்தனை மணி நேரம் அதற்கென ஒதுக்கப்படுகிறது என்பது. மூன்றாவது, பயிற்சியாளரின் முழுப்பொறுப்பில் விடப்படும் பாத்தியோ பயிரோ உண்டா என்பது; தாம் செய்த பிழையின் விளைவைத் தாமே காணாதவர் கற்பது அரிது. நான்காவது, உதவித்தொகை, தங்குமிடம், உணவு, ஓய்வு நாள் ஆகியவை எவ்வளவு, காயம் நேர்ந்தால் செலவை ஏற்பவர் யார் என்பது. ஐந்தாவது, இளைஞர்களை நடத்துவதற்கு அவருக்குத் தனிப் பயிற்சி அளிக்கப்படுமா என்பது. பயிரை அறிந்தவரெல்லாம் பிள்ளைகளை அறிந்தவரல்லர்.

பண்ணையை நடத்துவோருக்கும் ஒரு கடமை உண்டு. பிள்ளைகளின் கைவேலையால் விளைச்சல் சிறிது குறையும்; வேலை தாமதமாகும். அதனைக் கல்விக்கான செலவாகக் கணக்கிலேயே எழுதிவிடவேண்டும். அவ்வாறு எழுதாமல், விளைச்சலும் முழுமையாக வேண்டும், கல்வியும் நடக்கவேண்டும் என்றால், அந்தச் சுமை பயிற்சியாளரின் தோளில்தான் இறங்கும். அவர் இரவிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் உழைத்து ஈடுகட்டுவார். பருவம் முடியுமுன் சலித்து விலகுவார். தொழிலையே வெறுத்துவிடவும் கூடும். தொழிலுக்கு ஆள் சேர்க்கவென்று தொடங்கிய பண்ணை, உள்ள ஆளையும் விரட்டியதாக முடியும்.

சிறுவர்க்கும் வாலிபர்க்கும் தொழில் பழக்க விரும்பும் எந்தச் சங்கமும் இதிலிருந்து ஒன்றைத் தெரிந்துகொள்ளலாம். பயில்பவர் கையில் உண்மையான வேலையைக் கொடுக்கவேண்டும். அதன் தாமதத்தையும் சேதத்தையும் சங்கம் ஏற்கவேண்டும். பருவத்தின் முதலும் முடிவும் அவர் கண்ணில் படவேண்டும். அக்டோபரில் பூண்டு ஊன்றுபவர் ஜூலையில் அங்கிருக்கமாட்டார். ஆயினும் பல்லை நேராகவே ஊன்றிவிட்டுச் செல்கிறார். அவருக்கு முன் வந்தவரும் அவ்வாறே செய்திருந்தார் என்பதை அவர் பிடுங்கிப் பார்த்து அறிந்திருக்கிறார்.